அடைக்கிடக்கும் கோழி: கலைப்பதா, பொரிக்க விடுவதா, குஞ்சைத் தத்துக் கொடுப்பதா?

காலையில் முட்டை எடுக்கக் கையை நீட்டும்போது, நேற்றுவரை ஒதுங்கி வழிவிட்ட கோழி உடம்பைச் சப்பையாக்கிக்கொண்டு, இறகையெல்லாம் சிலிர்த்து, தொண்டைக்குள்ளேயே உறுமி, மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தினால், அது அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதற்கு இருக்கும் பதில் ஒன்றே ஒன்று. சேவல் தெருவிலேயே திரிகிறது, முட்டையில் கரு இருக்கிறது; கூடையில் மணலோ தவிடோ பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்துக் கோழியை அதன் மேல் உட்கார வைத்தால் மூன்று வாரத்தில் குஞ்சுகள் வந்துவிடும். சிங்கப்பூரில் தரைவீட்டின் பின்கட்டில் நான்கைந்து கோழி வைத்திருப்பவருக்கு அந்தப் பதில் அப்படியே பொருந்தாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்கவே அனுமதி இல்லை. தனியார் வீட்டில் சொந்தத் தேவைக்காக வளர்ப்பவரும் 10 கோழிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, அவற்றையும் வெளிப்பறவைகள் புகாத கூண்டில்தான் வைக்க வேண்டும். அண்டை வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் சேவல் வைத்திருப்பவர் மிகக் குறைவு. ஆகவே இங்கே நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: கோழியை அதன் போக்கில் விடுவது, அடையைக் கலைப்பது, கரு உள்ள முட்டை தேடி வைத்துப் பொரிக்க விடுவது, ஒரு நாள் குஞ்சுகளை வாங்கி அதனிடம் ஒப்படைப்பது.

எதைச் செய்வதானாலும் முதலில் அது உண்மையிலேயே அடைதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். முட்டையிடப் போகும் விடைக்கோழி ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பெட்டியில் இருந்துவிட்டு, கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அடைக்கோழி இரவிலும் இறங்காது. மற்றவை கழியில் ஏறி அடைந்த பிறகும் அது மட்டும் பெட்டியிலேயே கிடக்கும், இதுவே நான் மிகவும் நம்பும் அடையாளம். வயிற்றின் கீழே கையை விட்டால் நெஞ்சுப் பக்கத்தில் இறகு உதிர்ந்த வெறுந்தோல் தட்டுப்படும், அது வெந்நீர்ப் பை போலச் சூடாக இருக்கும். நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் எழுந்து வரும்; வந்ததும் எலுமிச்சம்பழ அளவில், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்துடன் ஒரே கழிச்சலாகக் கழித்துவிட்டு, அவசர அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, முடிந்தால் மண்ணில் ஒரு புரளல் புரண்டுவிட்டு, 'க்ளக் க்ளக்' என்று முனகியபடியே திரும்ப ஓடும். நாட்கள் போகப் போகக் கொண்டையின் சிவப்பு மங்கி, கொண்டையே சற்றுச் சுருங்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்ட கோழியும் பெட்டியை விட்டு நகராது. ஆனால் அது உறுமாது, கொத்தாது. எடுத்துத் தரையில் விட்டால் வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி நின்று முக்கும், தீனியைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடைக்கோழியைத் தரையில் விட்டால் முதலில் பிடித்து வைத்த பிள்ளையார் போல அப்படியே உட்கார்ந்திருக்கும். ஓரிரு நிமிடம் கழித்து விழித்துக்கொண்டு தீனிக்குப் பாயும். பாயாத கோழிக்கு அடை வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் வழிகளை எடைபோடுவது எளிதாகும். நெஞ்சுத் தோலில் படும் முட்டையின் தொடுகையும், பெட்டியின் இருட்டும் கதகதப்பும் சேர்ந்து மூளையைத் தூண்ட, பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகுதியாக வருகிறது. அதன் விளைவாகச் சினைப்பை சுருங்கி முட்டையிடுவது நின்றுவிடுகிறது. கோழி அடம் பிடிக்கிறது என்று நாம் சொல்வது அடம் அல்ல, இந்தச் சுரப்பின் வேலை. தொடுகை, இருட்டு, கதகதப்பு ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் சுரப்பு குறையும். குஞ்சு கிடைத்தால் அடைக்காக்கும் நிலையிலிருந்து குஞ்சு வளர்க்கும் நிலைக்கு மாறும். இரண்டும் இல்லாமல் விட்டால் அதே நிலையில் தொடரும். வெள்ளை லெகார்ன், ஐசா பிரவுன் போன்ற முட்டைக்கோழி இனங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இந்த இயல்பைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். சில்க்கி, கொச்சின், அசீல், நம் சிறுவிடை, இங்கே கம்பத்துக் கோழி என்று நாம் அழைப்பவை ஆகியவற்றில் அது முழுதாக இருக்கிறது. புலாவ் உபின் தீவில் இன்றும் திரியும் செங்காட்டுக்கோழி, அதாவது எல்லா வீட்டுக்கோழிகளின் மூதாதை, நாலைந்து முட்டை இட்டதுமே அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம் பகலாக இருக்கும் இந்த ஊரில் அடைக்குக் குறிப்பிட்ட பருவம் என்றும் ஒன்று கிடையாது. எந்த மாதத்திலும் வரலாம்.

முதல் வழியான, சும்மா விட்டுவிடுவது, இருப்பதிலேயே கருணையானதாகத் தோன்றும். எங்கள் கறுப்புக் கம்பத்துக் கோழி முதன்முறை உட்கார்ந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். "கெடக்குற கோழிய ஏம்ப்பா தொந்தரவு பண்ற, மூணு வாரத்துல அதுவா எந்திரிச்சிடும்" என்றார் புதுக்கோட்டைப் பக்கம் கோழிகளோடு வளர்ந்த அம்மா. அம்மா சொன்னது குஞ்சு பொரிக்கும் கோழிக்குச் சரி. மூன்று வாரத்தில் அது எழுந்திருப்பது நாளை எண்ணி அல்ல, அடியில் குஞ்சு கத்துவதைக் கேட்டு. வெறும் பலகை மேல் கிடக்கும் கோழிக்கு அந்தக் குரல் வரவே வராது. எங்களுடையது 21 நாள் கடந்தும் எழவில்லை, ஐந்தாவது வாரத்திலும் கிடந்தது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது 1.9 கிலோ இருந்தது 1.6 கிலோவாகியிருந்தது. அதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று: தூக்கிய கை முழுவதும் பொடிப் பொடியாகச் செல் என்னும் கோழிப்பேன் ஊர்ந்தது. அடைக்கோழி மண்ணில் புரள்வது குறைந்துவிடுவதாலும், அசையாமல் ஒரே இடத்தில் சூடாகக் கிடப்பதாலும், இந்த ஊரின் ஈரக்காற்றிலும் வெக்கையிலும் செல் பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை.

வெக்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிற்பகலில் வெளியே 32 பாகை செல்சியஸ் என்றால், தகரக் கூரையின் கீழ் இருக்கும் முட்டைப் பெட்டிக்குள் அதற்கும் மேலேயே இருக்கும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அடைக்கோழியோ தண்ணீர் குடிக்கக்கூட நாளுக்கு ஓரிரு முறைதான் எழும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் 'அப்படியே விட்டுவிடுங்கள்' என்று எழுதியிருப்பதை இங்கே கடைப்பிடிக்கத் தயங்குவதற்கு இதுவே காரணம். இந்த வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்பவர், தினமும் ஒரு முறை கோழியை வலுக்கட்டாயமாக எடுத்து வெளியே விட்டு, தீனியும் தண்ணீரும் எடுக்க வைத்து, வாரம் ஒரு முறை இறகைப் பிரித்துச் செல் பார்த்து, எடையைக் குறித்துவர வேண்டும். அவ்வளவு உழைப்பதானால் அதே உழைப்பில் அடையைக் கலைத்தே விடலாம்.

கலைப்பதற்கு ஊரில் பழைய முறைகள் சில உண்டு. மூக்குத் துளையில் இறகைச் செருகி விடுவார்கள். அது உறுத்த உறுத்தக் கோழி ஓடித் திரிந்து அடையை மறந்துவிடும் என்பது எண்ணம். தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். காலைக் கட்டிப் போடுவார்கள். முதலாவதும் கடைசியும் வெறும் கொடுமை. இங்கே சட்டப்படியும் குற்றமாகும். தண்ணீரில் முக்குவதற்காவது நெஞ்சுச் சூட்டைத் தணிக்கும் என்ற நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஈரக்காற்றில் அடியிறகு காய வெகுநேரம் ஆகும், அடுத்த அரை மணியில் அந்த ஈரத்தோடேயே கோழி பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். நான் பார்த்தவரை இதனால் பயன் இல்லை.

பயன் தருவது கம்பிக்கூண்டு. அடியும் கம்பிவலையாக உள்ள கூண்டு ஒன்றை இரண்டு முக்காலிகளுக்கு மேலோ, நான்கு செங்கற்களை அடுக்கியோ, தரையிலிருந்து உயர்த்தி, வயிற்றின் கீழே காற்று ஓடும்படி வைக்க வேண்டும். கூண்டுக்குள் வைக்கோலோ துணியோ கூடாது. மூலையில் ஒரு பழைய சாக்கைப் போட்டாலும் அதையே முட்டைப் பெட்டியாக ஆக்கிக்கொள்ளும். தீனியும் தண்ணீரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். பட்டினி போடுவது இந்த வைத்தியத்தில் சேராது. நேர்வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமான இடம் வேண்டும். மற்ற கோழிகள் கண்ணில் படும்படி வைத்தால், திரும்ப விடும்போது சண்டை குறையும். நான் ஒரு மேசை விசிறியையும் கூண்டின் அடிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பேன். குளிர்நாட்டில் தானாகக் கிடைக்கும் குளிர்ச்சிக்கு இங்கே மின்சாரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. இரவில் கூண்டை வெளியே விடுவதானால் வலையும் பூட்டும் உறுதியாக இருக்க வேண்டும். வடிகால் வழியாக மலைப்பாம்பு வந்துபோகும் பேட்டைகளில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

மூன்று பகல், மூன்று இரவு கழித்துக் கூண்டைத் திறந்து விட்டுக் கவனிக்க வேண்டும். இரை பொறுக்கப் போய், இரவில் கழியில் ஏறி அடைந்தால் கலைந்துவிட்டது. நேரே முட்டைப் பெட்டிக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் உள்ளே இருக்க வேண்டியதுதான். உட்கார்ந்த முதல் ஓரிரு நாளிலேயே பிடித்துக் கூண்டில் விட்ட கோழி மூன்றே நாளில் தெளிந்துவிடுகிறது. இரண்டு வாரம் விட்டுப் பிடித்ததற்கு ஒரு வாரமும் போதாமல் போவதுண்டு. 'பார்க்கலாம், இன்னும் இரண்டு நாள் போகட்டும்' என்று தள்ளிப்போடுவதன் விலை இதுதான். கலைந்த பிறகு திரும்ப முட்டையிட ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் முட்டைகளை நாளுக்கு இருமுறை எடுத்துவிடுவதும், மற்றவை முட்டையிட்டு முடித்ததும் பெட்டி வாயை மாலையில் பலகையால் அடைப்பதும் நல்லது.

மூன்றாவது வழியான பொரிக்க விடுவது, பார்ப்பதற்கு இவற்றுள் மிக அழகானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிக்கல் முட்டையிலிருந்தே தொடங்குகிறது. கடையில் வாங்கும் முட்டையில் கரு கிடையாது. சேவல் இல்லாத வீட்டு முட்டையிலும் கிடையாது. சேவல் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். பொரிக்கும் முட்டையையோ உயிருள்ள குஞ்சையோ உரிமம் இல்லாமல் மலேசியாவிலிருந்து கடற்பாலம் தாண்டிக் கொண்டு வருவது குற்றம். ஜோகூரில் உறவினர் வீட்டில் நல்ல சேவல் இருக்கிறது என்ற நினைப்பை அங்கேயே விட்டுவிட வேண்டும். கிடைத்த முட்டையைச் சேர்த்து வைப்பதிலும் இந்த ஊர் ஒரு தடை போடுகிறது. பொரிக்க வேண்டிய முட்டையை 13 முதல் 18 பாகையில், ஒரு வாரத்துக்கு மேற்படாமல் வைத்திருக்க வேண்டும். நம் சமையலறை மேடையின் 29 பாகையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும். குளிர்பதனப் பெட்டியின் 4 பாகையில் வைத்தாலும் பல கருக்கள் குளிரில் செத்துப்போகும். இரவு பகலாகக் குளிரூட்டி ஓடும் அறையில் வைத்து, நாலைந்து நாளுக்குள் கோழியின் கீழே வைத்துவிடுவதுதான் நடைமுறையில் முடியக்கூடியது.

எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் வைக்க வேண்டும். சிறிய உடம்புள்ள கோழிக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்தால், மற்ற கோழிகள் இடையில் வந்து இட்டுவிட்டுப் போகும் முட்டையை அன்றன்றே பிரித்தெடுக்கலாம். ஏழாம் நாள் இரவில் கைத்தொலைபேசி விளக்கின் மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், உயிருள்ளதில் சிலந்தி வலை போல் சிவப்பு நரம்பு ஓடும். தெளிவாக மஞ்சளாகத் தெரிவது கூமுட்டை. அதை அப்போதே எடுத்துவிட வேண்டும், இந்த வெக்கையில் கூமுட்டை அழுகி வெடித்தால் அந்தப் பெட்டியை மறுபடி பயன்படுத்த மனம் வராது. 18ஆம் நாளுக்கு மேல் கோழியைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் 21ஆம் நாளையொட்டிக் குஞ்சுகள் ஓட்டை உடைக்கும். கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்தால் இடி இடித்தாலும் முட்டை கெடாது என்பது அம்மாவின் நம்பிக்கை. இடிக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் நானும் ஓர் ஆணியைப் போட்டு வைத்தேன்.

பொரித்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது. ஏறத்தாழப் பாதிக் குஞ்சுகள் சேவலாகத்தான் இருக்கும். நான்கு மாதத்தில், சில அதற்கும் முன்பே, கூவத் தொடங்கிவிடும். 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ வட்டாரத்தில் திரிந்த கோழிகள் சத்தம் போடுகின்றன என்று குடியிருப்பாளர்கள் புகார் கொடுத்ததைத் தொடர்ந்து 24 கோழிகள் கொல்லப்பட்டதும், அதற்குப் பொதுமக்களிடம் எழுந்த கொந்தளிப்பும் பலருக்கு நினைவிருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத கோழிக்கே அந்த நிலை என்றால், முகவரியுள்ள வீட்டிலிருந்து விடியற்காலை நான்கரை மணிக்குக் கூவும் சேவல் எத்தனை நாள் தாங்கும்? அதைப் பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைப்பவரும் உண்டு; கைவிடுவது குற்றம், விட்ட இடத்தில் அது பிழைப்பதும் அரிது. எட்டுக் குஞ்சில் நான்கு சேவல் என்றால், அந்த நான்கையும் எடுத்துக்கொள்ள ஒருவர், முட்டையை வைப்பதற்கு முன்பே வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். கூடவே 10 என்ற வரம்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் எட்டு முட்டை வைப்பது கணக்குப்படியே இடிக்கிறது.

முட்டைக் கணக்கு வேறு இருக்கிறது. அடையில் மூன்று வாரம், அதன் பிறகு குஞ்சுகளோடு ஐந்து முதல் எட்டு வாரம் என்று, அந்தக் கோழியிடமிருந்து இரண்டு இரண்டரை மாதம் முட்டை வராது. உரிய காலத்தில் கலைத்தால் இழப்பது சுமார் ஒரு மாதம்தான். மலேசியா 2022 ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, முட்டை வரத்தும் நின்றுவிடுமோ என்று பயந்து முதல் கோழிகளை வாங்கிய சிலரை எனக்குத் தெரியும். முட்டைக்காகவே வளர்க்கும் அவர்களைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

நான்காவது வழி பலருடைய நினைவுக்கு வருவதில்லை. குஞ்சு வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அடையில் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்ட கோழியின் கீழே, இரவில், பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை ஒவ்வொன்றாக நுழைத்து, அடியில் இருக்கும் முட்டையையோ போலி முட்டையையோ அதே கையால் எடுத்துவிடுவது. இருட்டில் கோழி எதிர்ப்பதில்லை. காலையில் கீழே கீச்சொலி கேட்டதும் தான் பொரித்தவை என்றே ஏற்றுக்கொள்கிறது. இதன் பெரிய லாபம் தேர்ந்தெடுக்க முடிவதுதான். ஐசா பிரவுன் போன்ற கலப்பினங்களில் பிறந்த அன்றே நிறத்தை வைத்துப் பெட்டையையும் சேவலையும் பிரித்துவிடலாம். பெட்டைக் குஞ்சு செம்பழுப்பாகவும் சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். மூன்றே மூன்று பெட்டைக் குஞ்சு வாங்கி வைத்தால் சேவல் தொல்லை அறவே இல்லை, 10 என்ற வரம்பும் மீறப்படாது.

குறைகளும் உண்டு. விடிந்ததும் முதல் ஒரு மணி நேரம் அருகிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏற்காத கோழி குஞ்சின் தலையில் கொத்தும், அந்தக் கொத்தில் குஞ்சு செத்தே போகலாம், அப்படிப்பட்டதிடமிருந்து உடனே பிரித்து விளக்குச் சூட்டில் வளர்க்க ஆயத்தமாக இருக்க வேண்டும். நான்கைந்து நாளான குஞ்சாக இருந்தால், கோழி ஏற்றாலும் குஞ்சு தாயை ஏற்காமல் ஓடும். உரிமம் பெற்ற இடத்திலிருந்து, கோழி ஆயத்தமாக இருக்கும் அதே வாரத்தில் குஞ்சு கிடைப்பதும் எளிதல்ல. குஞ்சு எந்த வழியில் வந்தாலும் தரை காய்ந்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி மழையில் ஈரத் தவிட்டின் மேல் வளரும் குஞ்சுகளை இரத்தக் கழிச்சல் கூட்டமாகக் கொண்டுபோய்விடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது. அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்றிவிட்டால் கொசுப் புழுவுக்காக யாரும் வந்து கதவைத் தட்டவும் மாட்டார்கள்.

ஆக, முட்டைக்காக வளர்ப்பவரும், 10 கோழிகளை நெருங்கிவிட்டவரும் முதல் நாளிலேயே கூண்டை எடுப்பதுதான் சரி. வீட்டில் குழந்தைகள் இருந்து, ஒரு தாய்க்கோழி குஞ்சுகளை இறகுக்குள் அணைப்பதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர் பெட்டைக் குஞ்சுகளைத் தத்துக் கொடுக்கலாம். குஞ்சு கிடைப்பது உறுதியாகும்வரை இரண்டு போலி முட்டைகளை வைத்துக் கோழியைத் தினமும் எழுப்பித் தீனி கொடுத்து வரலாம், மூன்று வாரத்துக்குள் கிடைக்காவிட்டால் கலைத்துவிட வேண்டும். சேவல்களுக்குப் போக்கிடம் உள்ளவர் மட்டும் முட்டை வைக்கட்டும்.

எங்கள் கறுப்புக்கோழி ஆண்டுக்கு மூன்று முறையாவது உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு முறை கலைத்தோம், ஒரு முறை மூன்று குஞ்சு கொடுத்தோம். நான் அதன் முட்டைக் கணக்கை இப்போது பார்ப்பதில்லை. முட்டைக்கு அந்தக் குஞ்சுகளாக வந்த ஐசா பிரவுன்கள் இருக்கின்றன, அவை இதுவரை ஒரு நாள்கூட அடைக்கு உட்கார்ந்ததில்லை. கம்பிக்கூண்டு மட்டும் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் மடித்துத் தயாராக இருக்கிறது.